நாலு பத்துப் பாட்டு

“நாளைக்கும் அந்தப் பாட்டு மூண்டு தரம் கேட்டால் நான் பொலிசுக்குப் போவன். சொல்லிப்போட்டன்!”

எதிர்வீட்டு சண்முகநாதன் ஐயா தன் கேட்டுக்கு மேலால் கத்தினார். அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருசம் வேலை பார்த்து பென்சன் எடுத்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து இருபது வருசமாகியும் எங்கள் சந்தில் அவருக்குப் பிடித்தது என்று ஒன்றுமே கிடையாது.

“மன்னிச்சுக்குங்க ஐயா” என்றார் அம்மா.

அம்மாவுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. தினேஸ் பஸ்ஸில் கத்தினால் மன்னிச்சுக்குங்க. கோயிலில் காதைப் பொத்திக்கொண்டு ஓடினால் மன்னிச்சுக்குங்க. ஒருநாள் அவன் சும்மா நின்றதற்கும் சொன்னார். பழக்கதோசம்.

தினேஸ் என் தம்பி. ஒன்பது வயது. ஓட்டிசம். அதை நான் குசுகுசுவென்று சொல்ல மாட்டேன்; அது ரகசியம் இல்லை.

அவனுக்கு நாள் என்றால் நாலு பத்துதான். பின்னேரம் சரியாக நாலு பத்துக்கு, பாணும் பணிஸும் விற்கிற ரிஸ்கான் நானாவின் சூன் பாண் த்ரீவீல் பாட்டுப் போட்டபடி கெலிஓயாவிலிருந்து வரும். தினேஸ் கேட்டுக்கு ஓடுவான். கையை உதறி உதறிக் குதிப்பான். அவனுக்காக நானா பாட்டை மூன்று முறை போடுவார். பிறகு தினேஸ் வண்டியின் கண்ணாடிக் கதவைத் திறப்பான், இரண்டு சீனி பணிஸ் எடுப்பான், கதவை மூடுவான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு குளிப்பான், சாப்பிடுவான், தூங்குவான். அது நடக்காவிட்டால் இதில் ஒன்றும் நடக்காது.

ஐயாவுக்கு அந்த மூன்று முறைதான் பிரச்சினை.

“பாண் விக்கிறதுக்கு ஒருக்காப் போட்டாக் காணாதோ? அந்த வண்டிப் பாணை நாயும் தின்னாது!”

தினமும் நாலு பத்துக்கு ஜன்னலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாரிடமோ எங்களைப் பற்றிக் கோள் மூட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் நாலு மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. ரிஸ்கான் நானா.

“கலாராணி அக்கா, வண்டிட எஞ்சின் போயிட்டு. கம்பளை ரோட்டுல நிக்கிறேன். இன்னைக்கி வர ஏலா. புள்ளைய எப்படியாவது சமாளிங்க.”

அம்மா கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நான் பாடவா?” என்றேன். பாடினேன். தினேஸ் காதைப் பொத்தினான். நியாயம்தான்.

நாலு பதினொன்றுக்குக் கத்தத் தொடங்கினான். நாலு பதினைந்துக்குத் தலையைச் சுவரில் இடித்தான். அம்மா தன் உள்ளங்கையை நடுவில் கொடுத்தார். அதற்குப் பிறகு இடியெல்லாம் அம்மாவின் கைக்கு.

யாரோ கதவைத் தட்டினார்கள். நான் போய்த் திறந்தேன். சண்முகநாதன் ஐயா!

“மன்னிச்சுக்குங்க ஐயா, இப்ப நிப்பாட்டிருவான்” என்றார் அம்மா, கையை எடுக்காமலே.

“அந்தப் பாட்டுக்காரன் எங்க?”

“வண்டி பழுதாம். இன்னைக்கு வர மாட்டாரு.”

“நிச்சயமா வரமாட்டானோ?”

“நிச்சயமா.”

“ம்.”

அவ்வளவுதான். விறுவிறுவென்று போய்விட்டார்.

“பாரும்மா, கிழம் கொண்டாடப் போகுது” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

“வாய மூடுடி.”

பத்து நிமிசம் போனது. பிறகு, பாட்டு!

கொஞ்சம் கரகரத்தது. நடுவில் ஒரு நாய் வேறு குரைத்தது. ஆனாலும் அதே பாட்டு. தினேஸ் சட்டென்று நிறுத்தினான். அடுத்த நொடி கேட்டில் நின்றான். நாங்கள் பின்னால் ஓடினோம்.

த்ரீவீல் வருகிற அதே பக்கமிருந்து சண்முகநாதன் ஐயா வந்துகொண்டிருந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். மண் அள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளினார். வண்டியில் ஒரு தகர வாளி, அதற்குள் போன், போனிலிருந்து பாட்டு. வாளிக்குப் பக்கத்தில் தண்ணீர் இல்லாத மீன் தொட்டி, மூடியோடு. தொட்டிக்குள் இரண்டு சீனி பணிஸ்.

நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்தது. சந்தில் இருக்கிற எல்லா ஜன்னலும் திறந்தது.

“ஐயா, எனக்கு அரை றாத்தல் பாண் கிடைக்குமா?” மாடி வீட்டு மஸாஹிரா டீச்சர் கத்தினார்.

“உங்களுக்கு இல்லை டீச்சர்! இது ஸ்பெஷல் ஓடர்!”

எங்கள் கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. ஐயாவுக்கு மூச்சு வாங்கியது. பேச முடியாமல் தினேஸுக்கு மூன்று விரலைக் காட்டினார். மூன்று முறை. மனுசன் எண்ணித்தான் வைத்திருக்கிறார்!

தினேஸ் குதித்தான். நேற்றைவிட உயரமாக.

“ஐயா... இந்தப் பாட்டு உங்ககிட்ட எப்படி?” என்று கேட்டார் அம்மா.

“பொலிசுக்குக் குடுக்க எண்டு ரெக்கோட் பண்ணி வச்சது. இருபத்தி மூண்டு கிடக்கு. திகதியோட.”

“அப்ப பணிஸ்?” என்றேன் நான். “அந்த வண்டிப் பாண நாயும் தின்னாதுன்னு சொன்னீங்களே?”

“காலமையும் அந்தப் பாட்டுக்காரன் வந்தவன்தானே. வாங்கினனான்” என்றார், என்னைப் பார்க்காமல்.

மூன்றாவது முறை முடிந்தது. தினேஸ் தொட்டியின் மூடியைத் திறந்தான். இரண்டு பணிஸ் எடுத்தான். மூடினான். பிறகு தன் கைக்கடிகாரத்தை ஐயாவின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“நாலு முப்பத்தொன்னு. லேட்.”

அம்மா வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஐயா முந்திவிட்டார். இரண்டு கையையும் கூப்பி, தினேஸிடம் சொன்னார்:

“மன்னிச்சுக்கொள்ளும் தம்பி. நாளைக்கு நேரத்துக்கு வாறன்.”