பளபளத்த போர் விமானம்

“நாளைக்குப் பேட்டையில மாடல் செய்யுற போட்டி. அங்கன மேசையில இருக்க என் பிளேனைப் பைய எடுத்து அட்டைப்பெட்டியில வச்சிருங்க” என்று கடைத்தெருவிலிருந்து போனில் கணவரிடம் சொன்னாள் ஜெசிந்தா.

அவள் அப்பா கப்பலில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்து, பெட்டி பிரிக்காமலே கிடந்த, பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் போர் விமானம் அது. மூன்று மாதமாக அவள்தான் அதோடு மல்லுக்கட்டினாள்.

கணவர் டெரன்ஸ் அதை எடுத்துப் பார்த்து முகம் சுளித்தார். இறக்கையெல்லாம் புகைக்கரி, வயிற்றில் துரு, சக்கரத்தில் சேறு. இந்த லட்சணத்தில் கொண்டுபோனால் மானம் போய்விடும்!

வீட்டில் ஒரு நாளும் துணி எடுத்துத் துடைக்காதவர் என்ற கெட்ட பெயர் அவருக்கு உண்டு. அதையும் இன்றோடு தீர்த்துவிட முடிவுசெய்தார். பழைய டூத் பிரஷ், பாத்திரம் விளக்கும் சோப்பு என்று இறங்கித் தேய்த்ததில் விமானம் பளபளத்தது.

“ஏட்டி, கண்ணை மூடிக்கிட்டு வா” என்றார், அவள் வந்ததும்.

கண்ணைத் திறந்த ஜெசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இதை ஒட்டுனது ஒரே வாரந்தான். மிச்ச நாளெல்லாம் அந்தத் துருவையும் கரியையும் புள்ளி புள்ளியா வச்சு வரஞ்சேன். சண்டைக்குப் போய்ட்டு வந்த பிளேனு எப்படி இருக்கும்? அந்த அழுக்குக்குத்தான் பரிசே!”

டெரன்ஸ் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். “இப்ப என்னட்டி செய்ய?”

ஜெசிந்தா எழுந்து விமானத்தை அவர் கையில் கொடுத்தாள்.

“இத்தனை வருசமா இந்த வீட்டை எப்படி அழுக்காக்குனீங்களோ, அப்படியே இதையும் ஆக்குங்க. முதல் பரிசு நமக்குத்தான்!”