இன்னொரு சுற்று

“பிடிச்சுட்டேன்! தாத்தா, மறுபடியும் நான்தான்!”

குடை ராட்டினத்தின் வெள்ளைக் குதிரை மேலிருந்த நினோன் சிவப்புக் குஞ்சத்தைத் தூக்கிக் காட்டினாள். கயிற்றைப் பிடித்துக் குஞ்சத்தை ஆட்டிக்கொண்டிருந்த ராட்டினக்காரர் அன்செல்ம், ஒன்றும் தெரியாதவர் போல வாயைப் பிளந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

ராட்டினம் சுற்றும்போது மேலே தொங்கும் குஞ்சத்தை எந்தக் குழந்தை பறிக்கிறதோ, அதற்கு அடுத்த சுற்று இலவசம். எந்தக் கைக்கு அது எட்ட வேண்டும் என்பது கயிறு வைத்திருப்பவரின் இஷ்டம். இன்றைக்கு ஐந்தாவது முறையாக அது நினோன் கைக்கே எட்டியிருந்தது.

டிக்கெட் கூண்டுக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி உகெத் கண்ணாடியைத் தட்டினாள். “ஏய்யா, வேற குழந்தைங்க உன் கண்ணுல படலையா? பச்சைத் தொப்பிப் பையனோட அம்மா என்னைப் பார்த்து முறைக்கிறா.”

“முறைக்கட்டும். அவன் நாளைக்கும் வருவான். இவ வருவாளா?”

உகெத் அடுத்த சுற்றுக்கு டிக்கெட் கிழிக்கத் திரும்பிக்கொண்டாள்.

கோடைக்கு வந்தவர்கள் ஜன்னல்களை அடைத்துவிட்டுப் போய்விட்டால், த்ரேப்போர் என்ற இந்தப் பிரெஞ்சுக் கடற்கரை ஊரில் மிஞ்சுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒருவர் கதை இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்காது. நினோனின் அப்பா லுதோவிக் மீன்பிடிப் படகில் வேலை செய்பவன், குடியால் குடும்பத்தைத் தொலைத்தவன்.

அவன் குடியை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆனாலும் கோர்ட் அவனுக்கு அளந்து கொடுத்தது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மூன்று மணியிலிருந்து நாலு மணி வரை. அதுவும் தனியாக இல்லை. அதோ, பெஞ்சில் சாம்பல் நிறக் கோட்டைப் போர்த்திக்கொண்டு கடிகாரத்தையே பார்க்கிறாளே, அந்த அதிகாரி அம்மாளின் கண் முன்னால்தான்.

இன்றோடு அதுவும் முடிகிறது. அடுத்த வாரம் நினோனின் அம்மா குழந்தையோடு கனடாவுக்கே குடிபோகிறாள்.

கேள்விப்பட்ட நாளிலிருந்து அன்செல்முக்குச் சோறு இறங்கவில்லை. கோர்ட்டோடு சண்டை போடவா முடியும்? அவர் கையில் இருந்தது ஒரு கயிறு. தகப்பனுக்கும் மகளுக்கும் இந்த ஒரு மணி நேரமாவது திருவிழாவாக இருக்கட்டும் என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டார்.

மணியடித்து ராட்டினம் மறுபடி கிளம்பியது. லுதோவிக் சுடச்சுட வாங்கிய மெல்லிய தோசை போன்ற இரண்டு சர்க்கரைக் கிரேப்புகளைக் காகிதத்தோடு பிடித்தபடி, ராட்டினத்தின் ஓரமாகவே நடந்தான். வெள்ளைக் குதிரை பக்கத்தில் வந்தபோது ஏதோ சொல்ல ஆரம்பித்தான். சொல்லி முடிப்பதற்குள் அது அந்தப் பக்கம் போய்விட்டது.

சுற்று நின்றதும் அவன் கையை நீட்டினான். “போதும்டா கண்ணு, இறங்கி வா. கடலோரமா கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்.”

“ஐயோ அப்பா, குஞ்சம் என்கிட்டதானே இருக்கு! இன்னொரு சுற்று!”

பாவம், ஓசியில் ஆட விடுவதற்குக் கூச்சப்படுகிறான் என்று அன்செல்முக்குப் பட்டது. இறங்கி வந்து அவன் தோளைத் தட்டினார்.

“விடுங்க தம்பி. இந்த டிசம்பர் குளிர்ல நடந்து என்ன பண்ணப்போறீங்க? குழந்தை ஆசை தீர ஆடட்டும். இன்னைக்கு என் செலவு.”

நீட்டிய கையை லுதோவிக் மெதுவாக மடக்கிக்கொண்டான். “சரிங்க ஐயா” என்றான்.

ஆறு, ஏழு, எட்டு. பச்சைத் தொப்பிப் பையனை அவன் அம்மா தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். வெளிச்சம் மங்கியது, கரையில் கூழாங்கற்களை அலை உருட்டுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. லுதோவிக்கின் கையிலிருந்த கிரேப்புகள் ஆறிப்போய்க் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

“அந்த ஆளு முகத்தைப் பார்த்தியா?” என்றாள் உகெத்.

“பார்த்தேன். கண்ணு கலங்கியிருக்கு. பெத்தவன் இல்லையா? பொண்ணு சிரிக்கிறதைப் பார்த்து மனசு நிறைஞ்சு போச்சு” என்று சொல்லிவிட்டு, அன்செல்ம் கயிற்றை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார்.

ஒன்பதாவது முறை குஞ்சம் நினோன் கைக்கு வந்தபோது, சாம்பல் கோட்டு அம்மாள் எழுந்து வந்தாள். ராட்டினம் நின்றதும் அவளே குழந்தையைத் தூக்கி இறக்கினாள். “நாலு மணி ஆச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, கார் காத்துட்டிருக்கு.”

“அப்பா, ஒன்பது தடவை! ஒன்பதும் நான்தான்!”

லுதோவிக் குனிந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பதற்குள் அதிகாரி அம்மாள் குழந்தையின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்விட்டாள். “குஞ்சத்தை நீயே வச்சுக்கோம்மா!” என்று அன்செல்ம் கத்தினார். கார் துறைமுகத்து வளைவில் திரும்பும் வரை ஜன்னலில் சிவப்புக் குஞ்சம் ஆடியது.

அன்செல்ம் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். எத்தனையோ வருஷமாக ராட்டினம் ஓட்டியும் இப்படி ஒரு நிறைவை அவர் அனுபவித்ததில்லை. “நன்றியெல்லாம் சொல்ல வேண்டாம் தம்பி. என்னால முடிஞ்சது.”

லுதோவிக் அவரைப் பார்க்கவில்லை. வெள்ளைக் குதிரையின் முதுகில், சூடு இன்னும் இருக்கிறதா என்பது போல உள்ளங்கையை வைத்திருந்தான்.

“எனக்கு இருந்ததே அந்த ஒரு மணி நேரம்தான் ஐயா. அதையும் உங்க குதிரைக்குக் குடுத்துட்டீங்க.”