நடுவில் வந்த மேகம்

மூன்றாவது தாளில் அவள் புருஷன் அகப்பட்டான்.

பூதக்கண்ணாடிக்கு அடியில் பாதி அரிசி அளவுதான் இருந்தான். இருந்தாலும் அவனேதான். எங்கே நின்றாலும் ஒரு காலைத் தூக்கி எதன் மேலாவது வைக்காவிட்டால் அவனுக்கு நிற்க வராது. கப்பல் படிக்கட்டுக்குப் பக்கத்தில், அவள் கயிறு போட்டுக் கட்டிக்கொடுத்த தகரப்பெட்டியின் மேல் கால் வைத்து நின்றிருந்தான்.

பக்கத்தில் அவனைப் பெற்ற அத்தையின் குடை. கறுப்புக் குடையில் வெள்ளைத் துணி ஒட்டு. கறுப்பு கிடைக்காமல் வெள்ளையை வைத்துத் தைத்து, அதற்காக மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவளும் அவள்தான்.

பதினெட்டு நாளைக்கு முந்தைய காலை அது.

ஊர் எப்படி வளர்ந்துவிட்டது என்பதை ஒரே பார்வையில் காட்ட வேண்டும் என்று துறைமுகத்துப் பெரியவர்களுக்கு ஆசை. ஸ்டுடியோ முதலாளி தானியக் கிடங்கின் மொட்டைமாடியில் ஏறி, இடமிருந்து வலமாக ஐந்து படம் பிடித்தார். ஐந்தையும் ஒரே படமாக ஒட்டுவது அவள் வேலை.

ஒரு தாளின் ஓரத்தில் இருப்பது அடுத்த தாளிலும் நாலு விரற்கடைக்குத் திரும்ப வரும். எதை வைத்து எதை வெட்டுவது என்பதில்தான் கைநேர்த்தி. சுவரோ புகைபோக்கியோ, நேராக நிற்கும் ஏதாவது ஒன்றின் ஓரமாகக் கத்தி இறங்க வேண்டும். ஒட்டியது யார் கண்ணிலும் படக்கூடாது.

அன்றைக்கு அவளுக்கு இருட்டறையில் வேலை இருந்தது. புருஷனை வழியனுப்ப அத்தைதான் போனாள்.

"ஏத்திவிட்டுட்டுத்தான் வர்றேன். கப்பல் கண்ணுக்கு மறையற வரைக்கும் நின்னேன்" என்று திரும்பி வந்து குடையை மடக்கினாள்.

ஏழாம் நாள் அந்தக் கப்பல் முழுகிப்போன செய்தி வந்தது. ஒருவரும் தப்பவில்லை.

அவள் படுத்த படுக்கையானாள். அத்தை அழவில்லை. வழக்கம்போல அடுப்பு மூட்டினாள், வீடு பெருக்கினாள். பெற்றவளுக்கு என்ன மனத்திடம் என்று அக்கம்பக்கத்தில் மெச்சிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு தடவை, தட்டை அவள் பக்கம் நகர்த்தும்போது, அத்தை மெதுவாகச் சொன்னாள்.

"போகச் சொன்னது நீதானே."

உண்மைதான். கடல் தாண்டி வேலைக்குப் போ, போ என்று அவனை உட்காரவிடாமல் நச்சரித்தவள் அவள்தான். அன்றிலிருந்து ஒரு வாய்ச் சாப்பாடு அவளுக்கு ஒழுங்காக இறங்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்காவது தாளை எடுத்தாள். நாளை மறுநாள் நகர மண்டபத்தில் படம் மாட்டியாக வேண்டும்.

மூன்றாவது படத்துக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒரு மேகம் வந்து உட்கார்ந்து, அரை மணி நேரம் காக்க வைத்துவிட்டதாம். அந்த மேகத்தை முதலாளி இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

அதற்குள் கப்பல் புறப்பட்டிருந்தது. நான்காவது தாளில் அது நடுத்தண்ணீரில் புகை விட்டுக்கொண்டு போனது. கரையில் படிக்கட்டைக் காணோம். நடந்தவர்கள் எல்லாம் மங்கலாகக் கலைந்திருந்தார்கள். அசையாமல் நின்றவர்கள் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தார்கள்.

தகரப்பெட்டி. அதன் மேல் ஒரு கால்.

பூதக்கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கப்பல் அங்கே, அவன் இங்கே.

ஏறவில்லை. உயிரோடு இருக்கிறான். அவள் அவனைக் கொல்லவில்லை.

பதினோரு நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் ஒரு நொடியில் உருண்டு போயிற்று. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கால் தானாகச் செருப்பைத் தேடியது. ஓடிப்போய் அத்தையிடம் சொல்ல வேண்டும், பெற்ற வயிறு குளிரட்டும்.

போகும் முன் ஒரு தடவை, நிச்சயம் செய்துகொள்ளக் குனிந்தாள்.

அவன் தோளை ஒட்டி, வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்த ஒரு குடை இருந்தது. கறுப்புக் குடை, அதில் வெள்ளை ஒட்டு.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து முதலாளி எட்டிப் பார்த்தார். "கப்பல் கரையில நிக்குது பாரு, அந்தத் தாளையே வச்சுக்கம்மா. துறைமுகம்னா கப்பல் நிக்கணும்."

சரி என்று தலையாட்டினாள். அவர் போனதும் கப்பல் நின்ற அந்த மூன்றாவது தாளின் மேல்தான் கத்தியை வைத்தாள். ஒரு கிடங்குச் சுவரின் ஓரமாக நேராக இறக்கி, நான்காவதை அப்படியே விட்டாள். ஒட்டியது யார் கண்ணிலும் படாது.

படம் மாட்டிய அன்று காலை, அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டுப் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நான் ஒட்டின படத்தை மண்டபத்துல மாட்டியிருக்காங்க, அத்தை. வாங்க, பாத்துட்டு வருவோம். வெயிலா இருக்கு, குடைய எடுத்துக்குங்க."