கணக்கு நிற்கக் கூடாது

"ஏனுங்க, காத்தால புள்ளிக்கோழியை நாய் தூக்கிட்டுப் போச்சு. பொழுதெறங்கறதுக்குள்ள இது வந்து நிக்குது. இன்னைக்கு யார் மொகத்துல முழிச்சேனோ!"

வசந்தாமணி செல்போனைப் புருஷனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். கரண்ட் பில் வந்திருந்தது. தொகையைப் பார்த்த மணிமாறனுக்கு வாயிலிருந்த முறுக்கு உள்ளே இறங்கவில்லை.

"ஐந்நூறு யூனிட்டைத் தாண்டுனா ரேட்டே வேறயாமா. நம்ம ஊட்டுல ஏசி இருக்குதா, மோட்டார் ஓடுதா? எல்லாம் உங்க ரெண்டு கம்ப்யூட்டரு பண்ற வேலை."

"எல்லாமேன்னு சொல்லாத புள்ள. கிரைண்டரும்..."

"கிரைண்டரு ராத்திரி பகலா ஓடுதுங்களா?"

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் மணிமாறன். ஊர்க் கணக்கையெல்லாம் நேர் செய்கிறவன், சொந்த வீட்டுக் கரண்ட் கணக்கில் மாட்டிக்கொண்டான்.

அவனுடைய அக்கா ஒரு நோயில் போய்ச் சேர்ந்தாள். இதற்கு மருந்தே இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் இவன் இதில் இறங்கினான். மருந்து தேடுகிற ஆராய்ச்சிக்காரர்களிடம் போட்டு முடியாத கணக்கு குவிந்து கிடக்கிறது. அதை உலகம் முழுக்க இருக்கிறவர்கள் பங்கு போட்டுக்கொண்டு, தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் கொடுக்கிறார்கள். சம்பளம் கிடையாது. கரண்ட் செலவும் அவரவர் பாடு. இந்தக் கடைசி விஷயம்தான் வசந்தாமணிக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறுவதில்லை.

"இந்தக் கணக்கால ஒரு உசுராச்சும் பொழைக்கும் புள்ள. எங்கக்காளுக்குத்தான் குடுத்து வெக்கல."

"அது சரிங்க. இங்க நம்ம உசுரு போகுதே! அந்த ரூமுக்குள்ள கால் வெச்சாலே அனலடிக்குது. இன்னைக்கோட நிறுத்திப்போடுங்க."

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மணிமாறன் எழுந்து உள்ளறைக்குப் போனான். ஏமாற்றிவிடுவானோ என்று அவளும் பின்னாலேயே வந்தாள். மேசைக்கடியில் இரண்டு பெட்டிகளும் தம் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தன. சுவிட்சில் கை வைத்தபோது அக்காவை இன்னொரு தரம் வழியனுப்புவது போல இருந்தது.

"இருங்க..." வசந்தாமணியின் குரல் மாறியிருந்தது. "இன்னும் ரெண்டு வாரம் ஓடட்டுமுங்க."

"என்ன புள்ள, நெசமாத்தான் சொல்றியா?"

"உசுருன்னு சொன்னீங்கல்ல. பாதியில உட்டுப்போட்டா அந்தப் பாவம் நம்மளச் சும்மா உடுமா?"

மணிமாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவளை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மறுநாளிலிருந்து வசந்தாமணி ஆளே மாறிப்போனாள். தூசி உள்ளே போகும் என்று அந்த அறைக் கதவைச் சாத்தியே வைத்தாள். காலையும் மாலையும் சொம்புத் தண்ணீரோடு உள்ளே போய் வந்தாள். கேட்டால், "தொடைக்கிறேனுங்க" என்றாள். அவனைக்கூட அறை வாசற்படியைத் தாண்ட விடவில்லை. "நீங்க எதையாச்சும் நோண்டி நிறுத்திப்போடுவீங்க. அங்கிருந்தே பாருங்க."

ஒருநாள் மத்தியானம் ஆபீஸுக்குப் போன் வந்தது.

"ஏனுங்க, கரண்ட் போயிட்டு வந்துச்சு. உங்க கணக்கு நின்னுபோச்சாட்ட இருக்குது. உறுமற சத்தத்தையே காணோம்!"

"போனாப் போகுது புள்ள. சாயங்காலம் வந்து பாக்கறேன்."

"சாயங்காலமா? அதுக்குள்ள உசுரு போயிருமுங்க! எந்தப் பொத்தானை அமுக்கோணும், அதைச் சொல்லுங்க மொதல்ல."

சொன்னான். உறுமல் சத்தம் போனிலேயே கேட்டது. அவளும் பெருமூச்சு விட்டாள். போனை வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக் காளியப்பனிடம், "கட்டுனா இப்பிடி ஒரு பொம்பளையைக் கட்டோணும்டா" என்றான் மணிமாறன். காளியப்பன் ஒன்றும் புரியாமல் தலையாட்டி வைத்தான்.

இரண்டு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவு பெரிய மனசுக்காரியை இனிமேலும் சிரமப்படுத்தினால் நான் மனுஷனே இல்லை என்று மணிமாறன் முடிவு செய்துவிட்டான். கதவைத் திறந்து உள்ளே போனான்.

"வசந்தா! நீ சொன்ன ரெண்டு வாரம் முடிஞ்சு போச்சு. உனக்காக நானே நிறுத்திப்போடறேன்."

"ஐயையோ, தொடாதீங்க!" அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள் வசந்தாமணி. "நாலு உசுருதான் வெளிய வந்திருக்குது. இன்னும் அஞ்சு பாக்கி!"

மணிமாறன் திருதிருவென்று விழித்தான். அப்போது மேசைக்கடியிலிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தான். பெட்டிகளுக்குப் பின்னால், அனல்காற்று வந்து விழுகிற இடத்தில், பழைய துண்டு விரித்த கூடை. அதில் நாலு குஞ்சுகளும், புள்ளிக்கோழி பாதி அடையில் விட்டுப்போன மிச்ச முட்டைகளும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர்.

"அப்போ... நீ உசுரு உசுருன்னதெல்லாம்..."

"பின்ன, இதெல்லாம் உசுரு இல்லீங்களா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மணிமாறன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மூஞ்சியத் தொங்கப்போடாதீங்க. உங்க கணக்கு இனி நிக்கவே வேண்டாம். பக்கத்தூட்டுப் பூவாத்தாக்கா இருவது முட்டை சேத்து வெச்சுக்கிட்டு, 'கரண்ட் பில்லுல பாதி நான் தாரேன், அடுத்த கணக்குல எனக்கும் எடம் குடு'ன்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க!"