முன்பு, பின்பு

“ஒங்களுக்கும் மொதல்ல எரிஞ்சுச்சாக்கா?”

செண்பகம் என்ற பெயரிலிருந்து அவள் போனுக்கு அந்தக் கேள்வி வந்திருந்தது.

அவள் எல்லோருக்கும் எழுதுவதையே எழுதினாள். எனக்கும் எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். நிறுத்திவிடாதீர்கள்.

முகத்தை வெளுப்பாக்கும் அந்தக் கிரீமை அவள் ஒருநாளும் பூசியதில்லை.

செல்போன் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஆளுக்கு ஒரு மேசை, மேசைக்குப் பல போன்கள், போனுக்கு ஒரு பெயர். கிரீம் கம்பெனிக்காக எழுதுகிறோம் என்று எங்கும் தெரியக்கூடாது. வாங்கிப் பூசி, பிடித்துப்போன பெண்களாக மட்டும் பேச வேண்டும்.

வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வராமல்தான் அவள் பள்ளியை விட்டாள். இங்கே நாள் முழுக்கப் பதில் சொன்னாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீ எழுதுனாத்தான் ஒரு பொண்ணு எழுதுன மாதிரி இருக்கு. மத்ததுக எழுதுறது நோட்டீஸ் மாதிரி இருக்கு” என்பார் அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் ஜெயசீலன் அண்ணன்.

படத்தில் முகம் வரக்கூடாது. கை மட்டும்.

‘முன்பு’ மாடிப்படி இருட்டில் எடுத்தது.

‘பின்பு’ மொட்டைமாடி வெயிலில், கொஞ்சம் பவுடர் தடவி.

ஒரே கை. ஒரே மத்தியானம்.

சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய சுண்டுவிரல், வெளிப்பக்கமாக வளைந்தே நின்றுவிட்டது. அதை மற்ற விரல்களுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“மறைக்காத. கோணல் வெரல் இருந்தாத்தான் நெசம்னு நம்புவாக” என்றார் அண்ணன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. முதலில் ஊரைக் கேட்க வேண்டும். எந்த ஊரைச் சொன்னாலும், அட, நானும் உங்கள் ஊர்தான் என்று எழுத வேண்டும். கரூர்ப் பெண்ணுக்கு அவள் கரூர். திருவாரூர்ப் பெண்ணுக்குத் திருவாரூர்.

செண்பகம், கோவில்பட்டி என்றாள்.

நானும் கோவில்பட்டிதான் என்று எழுதினாள்.

அன்றைக்கு மட்டும் அது பொய்யில்லை.

எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், எல்லாம் சரிதான், நிறம்தான் கொஞ்சம் மட்டு என்றார்களாம். தையில் கல்யாணம். அதுக்குள்ள வெளுத்துருமாக்கா என்று கேட்டாள் செண்பகம்.

வெளுத்துவிடும் என்று எழுதினாள்.

கார்த்திகையில் செண்பகத்திடமிருந்து ஒரு படம் வந்தது. இரண்டு கன்னத்திலும் தோல் உரிந்திருந்தது. உரிந்த இடத்தைச் சுற்றிக் கரி பூசியதுபோல் கறுத்திருந்தது.

அண்ணனிடம் போனை நீட்டினாள். அவர் டீயை உறிஞ்சியபடியே பார்த்தார்.

“நீ இந்தப் பேர்ல பேசாம இரு. வேற பேர்ல போயி, எனக்கும் இப்பிடித்தான் உரிஞ்சுச்சு, இப்பப் பளபளன்னு இருக்குன்னு போடு.”

பூசாதீர்கள், டாக்டரிடம் போங்கள் என்று தட்டினாள். பின்னால் அவருடைய நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அழித்தாள்.

அவர் சொன்னதைப் போட்டாள்.

அதற்குப் பிறகு செண்பகம் எழுதவில்லை.

*

ரேஷன் கடை வரிசை. பாதிப் பேர் நிழலுக்கு ஒதுங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் பதிலாகப் பைகள் நின்றன.

அவள் முறை வந்திருந்தது.

“ஏட்டி செண்பகம், கல்யாணத்துக்கு முன்னாடியே முக்காடா? மாப்பிள்ள தவிர யாரும் பாக்கக் கூடாதோ?”

அவளுக்குப் பின்னால் நின்ற யாரையோ ஒரு கிழவி கேட்டாள். யாரோ சிரித்தார்கள்.

“சும்மா இரிங்க மதினி” என்றாள் இன்னொருத்தி, குரலைத் தாழ்த்தி. “அவுக வேண்டாம்னுட்டாக.”

சிரிப்பு நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“வெரல வையிம்மா” என்றார் கடைக்காரர்.

வைத்தாள். இயந்திரம் ஏற்கவில்லை.

“தொடச்சிட்டு வையி.”

பாவாடையில் துடைத்துவிட்டு வைத்தாள். ஏற்கவில்லை.

“அமுக்கி வையி. கைய எடுக்காத.”

ஆள்காட்டி விரலை அழுத்தினாள். சுண்டுவிரலை உள்ளே மடக்கப் பார்த்தாள். அது மடங்குகிற விரல் இல்லை. எல்லோரும் பார்க்கும்படி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

பக்கத்தில் ஒரு துப்பட்டாவின் நுனி அசைந்தது. அடுத்த முறைக்கு வந்து நிற்கும் பெண்.

அந்தப் பார்வை முதலில் விரலில் விழுந்தது.

அங்கேயே நின்றது.

பிறகு மணிக்கட்டு. முழங்கை. தோள்.

கடைசியில் முகம்.

அவள் முகம் மாடிப்படி இருட்டில் இருந்த கையின் நிறத்திலேயே இருந்தது. எரியாத, உரியாத, பிறந்தபோது இருந்த அதே கறுப்பு.

அந்தப் பெண்ணின் துப்பட்டா நழுவியிருந்தது. படத்தில் பார்த்ததைவிட அதிகமாகப் பரவியிருந்தது. கன்னத்திலிருந்து தாடை வரைக்கும்.

“பதிஞ்சிருச்சு. கைய எடு” என்றார் கடைக்காரர்.

அவள் எடுக்கவில்லை. எழுதிப் பழகியதை வாயால் சொல்லிப் பழக்கமில்லை.

“இன்னும் எரியுதா?”

அவளுக்கே கேட்காத குரல்.

செண்பகத்துக்குக் கேட்டது.

துப்பட்டாவை மெதுவாக இழுத்து, கண் மட்டும் தெரியும்படி மூடிக்கொண்டாள். வரிசையிலிருந்து விலகி, படியிறங்கி, வெயிலில் நடந்தாள்.

அவளுடைய பை அங்கேயே நின்றது. பின்னால் இருந்தவர்கள் அதைக் காலால் ஒரு அடி முன்னே தள்ளினார்கள்.