முன்னூற்றைந்தாம் வீட்டு வாடை

நிஷிதானி அம்மாள் 305-ஆம் எண் கதவருகே குனிந்து, மூச்சை நன்றாக இழுத்தார். பிறகு கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ கிறுக்கிவிட்டு நகர்ந்தார்.

கதவுக்கு உள்பக்கம், பார்வைத் துளையில் கண்ணை ஒட்டவைத்து நின்ற கமேடா தன் சட்டைக் கையைப் பார்த்துக் கிசுகிசுத்தார்.

“இன்னிக்கும் எழுதிட்டாடா கொபோ! நமக்கு எதிரா கேஸ் கட்டுறா.”

கமேடாவின் கம்பளிச் சட்டைக் கைக்குள்ளிருந்து கொபோ தலையை நீட்டிக் கொட்டாவி விட்டது. கீரிப்பிள்ளைச் சாயலில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு ஃபெரெட். உடம்பு ஒரு கிலோகூடத் தேறாது. வாடை மட்டும் யானை கனம். கதவிடுக்கு வழியாக மூன்று மாடி இறங்கிப்போய், பஸ் நிறுத்தத்தில் வரிசையில் நிற்கும்.

ஒசாகா புறநகரின் அந்தக் குடியிருப்பில் பிராணிகள் வளர்க்கக் கூடாது என்று வாசல் பலகையிலேயே எழுதியிருந்தது. தெரிந்தால் கொபோ வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் இருவருமே. மனைவி போன பிறகு கமேடா வாய்திறந்து பேசும் ஒரே ஜீவன் அது.

குடியிருப்போர் சங்கப் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து நிஷிதானி அம்மாளுக்கு இதே வேலை. 302-இல் தனிக்கட்டை ஊனோவின் செய்தித்தாள் பெட்டியை எட்டிப் பார்த்து ஒரு கிறுக்கல். 305-ஐ மோந்து பார்த்து ஒரு கிறுக்கல். நடுவே 304-இல் புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். தினமும் கானாங்கெளுத்தி சுட்டு மாடியையே புகையில் முக்கி எடுப்பார்கள். அங்கே மட்டும் அம்மாள் நிற்பதே இல்லை.

“அவங்க மீன் மணக்குதாம், நாம மட்டும் நாறுறோமாம்!” என்று கமேடா பொருமுவார்.

அம்மாள் கண்ணில் படக்கூடாது என்று கமேடா திரைச்சீலையை விலக்குவதில்லை, மணி அடித்தால் திறப்பதில்லை. கடைக்குப் போவதும் திருடன் மாதிரிப் பின்படிக்கட்டில்தான். ஒரே ஒரு முறை அங்கேயும் மாட்டிக்கொண்டார்.

“என்ன கமேடா-சான், வீட்டுல ஏதோ வாடை வருதே?”

“முள்ளங்கி ஊறுகாய் போட்டிருக்கேன்மா.”

“மூணு மாசமாவா ஊறுது?”

“பழசானாத்தானே ருசி!”

“சரி சரி, வாடை தாராளமா வரட்டும்” என்று அம்மாள் சிரித்தார். கமேடாவுக்கு அது விலங்கை மறைத்துவைத்துக்கொண்டு போலீஸ்காரர் சிரிக்கும் சிரிப்பாகப் பட்டது.

பயத்தில் கொபோவைத் தினம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். வாடை இரட்டிப்பானது. கால்நடை மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“குளிப்பாட்டக் குளிப்பாட்ட உடம்புல எண்ணெய் இன்னும் ஊறும், பெரியவரே! வாடையில பாதி அது படுக்கிற துணியில இருக்கு. துணியைத் துவைங்க, காதைத் துடைங்க, கழிவுத் தட்டை தினமும் மாத்துங்க. அதைச் சும்மா விடுங்க.”

அன்றே போர் தொடங்கியது. கொபோவின் தூளித்துணிகளைத் துவைத்துத் துவைத்துச் சலவை இயந்திரம் கேவி அழுதது. மூலைக்கு மூலை வாடையை உறிஞ்ச மூங்கில் கரிப் பை, கதவிடுக்கெல்லாம் ஒட்டுநாடா. ஒரே வாரத்தில் வீடு, ஆளே குடிவராத காலி வீடு மாதிரி வாசனையற்றுப் போனது.

திங்கட்கிழமை நிஷிதானி அம்மாள் மோந்தார். முகம் சுருங்கியது. மறுபடி மோந்தார்.

“தேடு, நல்லாத் தேடு!” என்று கமேடா உள்ளே சத்தமில்லாமல் ஆடினார்.

செவ்வாய்க்கிழமை அம்மாள் கதவிடுக்கிலேயே மூக்கை வைத்தார். மணியை நான்கு தடவை அடித்தார். கமேடா மூச்சுவிடவில்லை.

புதன்கிழமை இரண்டு ஜோடிக் காலடிகள் கேட்டன. துளை வழியே பார்த்தால், அம்மாளோடு குடியிருப்பு மேலாளர். கையில் சாவிக்கொத்து.

“கமேடா-சான்! கமேடா-சான்! இருக்கீங்களா?”

கமேடா கொபோவைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மெத்தைகளை மடித்து வைக்கும் பெரிய அலமாரிக்குள் புகுந்து சாத்திக்கொண்டார். வெளியே சாவி திரும்பியது.

“நீங்க முன்னால போங்க சார். எனக்குப் பார்க்கவே பயமா இருக்கு” என்றது அம்மாளின் குரல்.

ஒரு கிலோ கொபோவுக்கா இத்தனை பயம் என்று இருட்டில் கமேடா வியந்தார்.

அலமாரிக் கதவு விலகியது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்து அலறிய அலறலில் 304-இன் மீனே சட்டியிலிருந்து எழுந்து ஓடியிருக்கும். போதாததற்குக் கமேடாவின் கழுத்துப்பட்டை வழியாகக் கொபோவின் மீசை எட்டிப் பார்த்தது.

“இ… இது ஃபெரெட்தானே? இங்கே பிராணியெல்லாம்…” என்று மேலாளர் விரலை நீட்டினார்.

“ஊறுகாய்” என்றார் நிஷிதானி அம்மாள் வெட்டென்று. “நீங்க சும்மா இருங்க.”

பிறகு அந்தப் பாழாய்ப்போன நோட்டை எடுத்தார். கமேடா கொபோவை இறுக்கிக்கொண்டார். அம்மாள் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்.

“முன்னூத்தஞ்சு, உயிரோட இருக்கார்.”

அம்மாள் அலமாரி ஓரத்திலேயே பொத்தென்று உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மூணு நாளா நாத்தமே வரலையே, செத்துட்டீங்கன்னு நெனச்சேன்!”