சட்டைக்கு ஒரு வெட்டு

“வாளியை விட்டு எந்திரி மாப்ள. என் மான் பக்கத்துல உக்காந்துக்கிட்டு எதுக்குத் துக்க வீட்டுக்காரன் மாதிரி முழிக்கிற?”

புதரை விலக்கிக்கொண்டு வந்த ஹார்லனுக்கு மூச்சு வாங்கியது. பழைய கார் வியாபாரி. தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை எல்லாம் புதுசு. மனித வாடை தெரியாமல் இருக்க உடம்பெல்லாம் ஏதோ மருந்து வேறு அடித்துக்கொண்டிருந்தார். அந்த நெடிக்கு மான் என்ன, மரமே நகர்ந்து போயிருக்கும்.

கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியில் உட்கார்ந்திருந்த மெர்வின், கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டார். ஹார்லனின் தங்கையைக் கட்டியவர். மர மில்லில் வேலை. வாளி மில்லில் சும்மா கிடைத்தது. கோட்டு, தேவாலயத்துப் பழைய துணி விற்பனையில் எடுத்தது. ஆரஞ்சு மேல்சட்டை, ரோடு போடுகிற நண்பன் கொடுத்தது. காடு அரசாங்கத்துடையது, அதற்கும் யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை. அவர் காலடியில் வெள்ளைவால் மான் ஒன்று சருகுக்குள் கொம்பைப் புதைத்தபடி கிடந்தது.

“உங்க மானா?”

“பின்ன? வெடிச் சத்தம் கேக்கல?”

“ரெண்டு சத்தம் கேட்டுச்சு மச்சான். அதுல ஒன்னு நான் சுட்டது.”

“நீ சுட்டது மேகத்துல பட்டிருக்கும். எங்கப்பா அந்தத் துப்பாக்கிய உனக்குக் குடுத்ததே, அது நேரா சுடாதுன்னுதான்.”

ஹார்லனும் சுட்டது உண்மை. ஆனால் மானின் உடம்பில் ஒரே ஒரு காயம்தான் இருந்தது. அதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை.

மில்லில் கொஞ்ச நாளாக ஓவர்டைம் கிடையாது. நவம்பரில் ஒரு மான் விழுந்தால்தான் பனிக்காலத்தில் மெர்வினின் பிள்ளைகள் தட்டில் கறி இருக்கும். ஃப்ரீசர் காலியாகக் கிடப்பது ஹார்லனுக்கும் தெரியும். ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு கொம்பு மான்தான். லைசென்ஸோடு தரும் சீட்டில் பேரும் தேதியும் எழுதி, மான் காதில் கட்டியவருக்கே அது சொந்தம்.

“உன் சீட்டு எங்க? கட்டலியா?”

“இன்னும் இல்ல. மச்சான், அந்தக் கொம்பை ஒரு தடவை...”

“கொம்பைப் பத்தி எனக்கே பாடமா? ஒரு பக்கமாவது மூணு கிளை இருக்கணும், இல்லன்னா தொடக்கூடாது. நீ மில்லுல மரத்தூள் கூட்டுறதுக்கு முன்னாடியே எனக்கு அது தெரியும்.” குனிந்தால் புதுக் கால்சட்டையில் சேறு ஒட்டும் என்று நின்றபடியே எண்ணினார். “இடது பக்கம் ஒன்னு, ரெண்டு, மூணு. போதுமா?”

மெர்வின் கொம்பை நோக்கிக் கை நீட்டினார்.

“கையை எடு. போட்டோ எடுக்கிற வரைக்கும் அதுமேல இருக்கிற சருகைக்கூடத் தட்டாத.”

மெர்வின் எழுந்துவிட்ட வாளியையே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஹார்லன் தன் சீட்டை எழுதி மானின் வலது காதில் கட்டினார்.

“உன் சீட்டை நீயே வச்சுக்க. சீசன் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கு, எலி கிலி கிடைக்கும். கிறிஸ்துமஸுக்கு எலும்பு அனுப்பறேன், தங்கச்சிய சூப்பு வைக்கச் சொல்லு.”

மெர்வின் தன் சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு வனப்பாதைப் பக்கம் பார்த்தார். ஹார்லன் வந்ததிலிருந்து அவர் அடிக்கடி அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்தது சட்டை” என்றார் ஹார்லன்.

குறி தவறியவரின் சட்டையின் பின்நுனியை வெட்டி, முகாம் வீட்டுச் சுவரில் ஆணியடித்து வைப்பது அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்களின் வழக்கம். வருஷம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

“வேணாம் மச்சான். நான் சொல்ல வந்ததை மட்டும் கேட்டுட்டு...”

“ஏன், இருக்கிறது ஒரே சட்டையா? திரும்பு.”

கோட்டுக்குக் கீழே தொங்கிய கட்டம் போட்ட துணி, கத்தியோடு ஒரே இழுப்பில் வந்துவிட்டது. மெர்வினுக்குக் காது வரை சிவந்தது. அவமானம்தான்.

“குண்டு என்னோடது, மான் என்னோடது, நீ தவறவிட்டவன். சரின்னு சொல்லு.”

பாதையில் பச்சை வண்டி ஒன்று வந்து நின்றது. மெர்வின் அதைப் பார்த்தார்.

“நீங்க சொன்னா சரிதான் மச்சான்.”

வண்டியிலிருந்து இறங்கி வந்தவர் வேட்டைக் கண்காணிப்பு அதிகாரி. நடு வயதுப் பெண்மணி. அவர் வாயைத் திறப்பதற்குள் ஹார்லன் முந்திக்கொண்டார்.

“சரியான நேரத்துக்கு வந்தீங்க மேடம். நானே சுட்டது. ஒரே குண்டு. இதோ என் சீட்டு, படிச்சுப் பாருங்க. அப்படியே ஒரு போட்டோவும் எடுத்துக் குடுங்க.”

அதிகாரி மண்டியிட்டு, கொம்பின் மேலிருந்த சருகைத் தட்டினார். இடது கொம்பின் மூன்றாவது கிளை அவர் கையோடு வந்துவிட்டது.

“இது ஓக் மரத்துக் குச்சி. கொம்புக்கு நடுவுல சிக்கியிருக்கு. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு கிளைதான். உங்க லைசென்ஸைக் குடுங்க.”

அதிகாரி மெர்வின் பக்கம் திரும்பினார்.

“குச்சியைக் கொம்புன்னு நெனச்சுச் சுட்டுட்டேன், நீங்களே வந்து பாருங்கன்னு போன் பண்ணினது நீங்கதானே?”

மெர்வின் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். “போன் பண்ணினது நான்தான் மேடம். ஆனா என் குறி தவறிடுச்சாம். மச்சானே சட்டையை வெட்டிட்டாரு, பாருங்க.”